கொழுகொம்பில் ஒளிந்திருந்த பாஷாணம்

பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தத் தேர் என்ன மரம், கரையான் வராம இருக்க அதுல என்ன பூசியிருந்தாங்கன்னு எந்தத் தமிழய்யாவும் பாடம் நடத்தினதில்லை. எனக்கு இப்போ அந்தக் கேள்விதான் முக்கியமாப் போயிடுச்சு. :-)

விஷயம் இதுதான். எங்க ஃபிளாட்ல ஹாலுக்கும் டைனிங் டேபிளுக்கும் நடுவுல ஒரு மறைப்பு வேணும். துணி ஸ்கிரீனுக்குப் பதிலா ஒரு தட்டி வச்சு, அதுல மணி பிளான்ட் ஏத்தி விட்டா பச்சைப்பசேல்னு இருக்குமேன்னு தங்கமணி ஐடியா கொடுத்தாங்க. நல்ல ஐடியாதான். ஆனா வீட்ல பொண்ணுக்கு ஒண்ணரை வயசு. கைக்கு எட்டினதெல்லாம் நேரா வாய்க்குத்தான். கடைகள்ல விசாரிச்சா எல்லாருமே ஒரே பாட்டு: "வாட்டர் ப்ரூஃப், டெர்மைட் ப்ரூஃப், ஈகோ ஃப்ரெண்ட்லி, லைஃப் டைம் சார்." கரையானே சாப்பிடாத அளவுக்கு இந்த மரத்துல என்ன சேர்த்திருக்கீங்கன்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் பதில் இல்லை.

முன்னாடியே சொல்லிடறேன், நான் கெமிஸ்ட்ரி ஆள் இல்லை. படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது பொட்டி தட்டற வேலை. ஒரு வாரம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து இதைப் பத்திப் படிச்சேன். படிக்கப் படிக்க, தட்டி வாங்கற வேலை சரித்திரப் பாடமா மாறிடுச்சு. உங்களுக்கும் கொஞ்சம் கொடுக்கறேன்.

செடிகளை வீட்டுக்குள்ள வளர்க்கற மோகம் பெருசானது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். நிலக்கரிப் புகையில் லண்டன் தோட்டங்கள் வாடிக்கொண்டிருந்த காலம். 1829ல் நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், மூடி போட்ட கண்ணாடி பாட்டிலுக்குள் ஒரு பெரணிச் செடி தானாகவே முளைத்து வளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்தவை 'வார்டியன் கேஸ்' என்ற கண்ணாடிப் பெட்டிகள். அப்புறம் நடுத்தர வர்க்கத்து வீடுகளின் வரவேற்பறைகளில் பெரணியும் கொடியும் புகுந்தன. நிஜச் செடி வைக்க முடியாத சுவருக்கு? செடி அச்சடிச்ச காகிதம் ஒட்டிக்கிட்டாங்க.

அப்படி வந்த ஒரு சுவர்த்தாள்தான் நம்ம கதையின் முதல் ஆதாரம். வில்லியம் மோரிஸ் என்ற புகழ்பெற்ற டிசைனர், ஆலைப் பொருட்களின் அசிங்கத்தை வெறுத்து, கைவினையையும் இயற்கையையும் கொண்டாடியவர். அவர் முதன்முதலாக வரைந்த சுவர்த்தாளின் பெயர் 'டிரெல்லிஸ்'. அதாவது கொடித்தட்டி! 1862ல் வரைந்தது, 1864ல் விற்பனைக்கு வந்தது. சொந்த வீட்டுத் தோட்டத்தில் ரோஜா ஏறியிருந்த மரத்தட்டிகளைப் பார்த்து வரைந்த படம். அதில் இருக்கும் பறவைகளை வரைந்தவர் அவருடைய கட்டடக்கலை நண்பர் ஃபிலிப் வெப்.

2003ல் ஆண்ட்ரூ மெஹார்க் என்ற விஞ்ஞானி இந்தத் தாளின் பழைய மாதிரி ஒன்றைச் சோதித்து 'நேச்சர்' இதழில் எழுதினார். இலைகளின் பச்சையில் இருந்தது செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த உப்பு. ஆர்சனிக் என்றால் நம்ம ஊர் பாஷாணம். இயற்கையைக் கொண்டாடி வரைந்த கொடித்தட்டியின் ஒவ்வொரு இலையிலும் பாஷாணம்.

இது மோரிஸ் மட்டும் செய்த வேலை இல்லை. 1775ல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே, செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பளிச் பச்சையைக் கண்டுபிடித்தார். 1814ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் அதைவிட அழகான, மங்காத பச்சை வந்தது. அதன்பிறகு துணி, காகிதப்பூ, பொம்மை, சுவர்த்தாள் என்று எங்கு பார்த்தாலும் அதே பச்சை. இத்தாலியின் பார்த்தொலோமேயோ கோசியோ 1890களில் ஒரு விஷயத்தைக் காட்டினார். ஈரத்தில் பூஞ்சை பிடித்தால், அந்தப் பூஞ்சை இந்த வண்ணத்திலிருந்து பூண்டு வாசமடிக்கும் ஒரு ஆர்சனிக் வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுதான் மக்களை நோயாளியாக்கியதா, அல்லது உதிர்ந்த தூள்தானா என்பதில் பிற்கால ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பாஷாணம் சுவரில் இருந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இதுல எனக்கு உறுத்தின இடம் வேற. மோரிஸ் குடும்பத்துக்கு 'டெவன் கிரேட் கான்சல்ஸ்' என்ற சுரங்கத்தில் பங்கு இருந்தது. செம்புச் சுரங்கமாக ஆரம்பித்து ஆர்சனிக் உற்பத்தியில் உலக அளவில் பெரிய ஆளாக வளர்ந்த கம்பெனி. 1871 முதல் 1875 வரை மோரிஸ் அதில் இயக்குநர். 1885ல் ஒரு கடிதத்தில், சுவர்த்தாள் ஆபத்து என்பதையே மருத்துவர்கள் கிளப்பும் வீண்பீதி என்கிற மாதிரி ஒதுக்கித் தள்ளியிருக்கிறார். பிரிட்டனில் இதற்கென்று தடைச்சட்டம் எதுவும் வரவில்லை. பத்திரிகைகள் எழுதி, வாங்குகிறவர்கள் "இதுல பாஷாணம் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் தயாரிப்பாளர்கள் மாறினார்கள். கடைக்காரர்கிட்ட கேள்வி கேக்கறது எவ்வளவு பெரிய ஆயுதம்னு அப்பதான் உறைச்சது.

சரி, காகிதத்தை விடுவோம், நிஜத் தட்டிக்கு வருவோம். தட்டின்னா பெயிண்ட் அடிக்கணுமே?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். வெயில் ஊர் என்பதால் வீட்டுக்கு வீடு மர வராண்டா, மரக் கிராதி. 1890களில் அங்கே குழந்தைகளுக்குக் காரணம் தெரியாமல் ஈய விஷம் ஏறிக்கொண்டிருந்தது. கை கால் செயலிழப்பு, பார்வைக் கோளாறு. ஜான் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904ல் காரணத்தைப் பிடித்தார்: வராண்டா கிராதியில் அடித்த வெள்ளை ஈயப் பெயிண்ட். வெயிலில் அது பொடியாகிக் குழந்தைகளின் கையில் ஒட்டுகிறது. விரல் சூப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் உள்ளே போகிறது. பல பேர் நம்பவில்லை. குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் ஈயப் பெயிண்ட் கூடாது என்று குயின்ஸ்லாந்து மாநிலம் சட்டம் போட்டது 1922ல். பதினெட்டு வருஷம்! கண்டுபிடிச்ச அன்னிக்குப் பிறந்த குழந்தை காலேஜுக்கே போயிருக்கும்.

நம்ம நாட்டுல? வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2016ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதனால பழைய வீடு இடிச்ச இடத்துல, பழைய சாமான் கடையில, கலர் கலரா உரிஞ்சு நிக்கற ஜன்னல் கிராதியைப் பார்த்து "ஆஹா விண்டேஜ்!"னு தூக்கிட்டு வராதீங்க. அதைவிட மோசம், வீட்டுல வச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறது. ஒட்டிக்கிட்டு சும்மா இருந்த ஈயத்தைத் தூளாக்கி நாமே வீடு முழுக்கத் தூவற மாதிரி ஆயிடும்.

அப்போ பெயிண்டே வேணாம், வெறும் மரம்? அங்கதான் கதையின் பெரிய திருப்பம். அதுல ஒரு இந்தியர் வர்றார்.

மரம் மக்காமல் இருக்க 1830களில் ஐரோப்பாவில் பெரிய போட்டியே நடந்தது. 1832ல் கையன் என்பவர் பாதரசக் குளோரைடில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1838ல் ஜான் பெத்தெல் நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றினார். (பழைய ரயில்வே ஸ்டேஷன்ல ஸ்லீப்பர் கட்டை பக்கத்துல ஒரு வாசம் வருமே, அதேதான்.) அதே சமயத்தில் பிரான்சில் பூஷெரி என்ற மருத்துவர் மயில் துத்தக் கரைசலைப் பச்சை மரத்துக்குள் செலுத்திக்கொண்டிருந்தார். மயில் துத்தத்தில் பெரிய குறை ஒண்ணு: மழை பெய்தால் கரைந்து போய்விடும்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் சோண்டி காமேசம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி. 1933ல் அவர் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கரைசலை உருவாக்கினார். செம்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் கரையானையும், செம்புக்கு அசராத பூஞ்சைகளையும் பார்த்துக்கொள்ளும். குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தின் நாரோடு சேர்த்துப் பூட்டிவிடும். ஆர்சனிக்கின் குறியீட்டையும் செம்பின் குறியீட்டையும் சேர்த்து 'ஆஸ்கு' என்று பெயர். 1938ல் அமெரிக்கக் காப்புரிமை. பின்னாளில் சி.சி.ஏ. என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது இதுதான். விளக்குக் கம்பம், வேலி, பாலம், தோட்டத்துத் தட்டி, கடைசியில் குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல் சட்டம் வரைக்கும்.

காமேசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. சில வருஷத்தில் மக்க வேண்டிய மரத்தைப் பல பத்தாண்டுகள் நிற்க வைத்தால், அந்த அளவுக்கு வேறு மரம் வெட்டாமல் மிஞ்சுகிறது. அன்றைய கணக்கில் பார்த்தால் அதுவே பெரிய ஈகோ ஃப்ரெண்ட்லி! தந்திக் கம்பத்தை யாரும் கடிக்கப் போவதில்லை. பிரச்னை, கம்பத்துக்காகச் செய்த மருந்து குழந்தையின் கை படும் இடத்துக்கு வந்தபோது ஆரம்பித்தது. பூட்டு முழுசாகப் பூட்டவில்லை. மேற்பரப்பில் கொஞ்சம் ஆர்சனிக் கையில் ஒட்டியது, கொஞ்சம் மண்ணில் இறங்கியது. 1984ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் விஸ்கான்சின் மாநிலத்துக் குடும்பம் ஒன்றின் கதை வந்தது. குளிருக்கு மிச்சம் மீதி சி.சி.ஏ. கட்டைகளை அடுப்பில் எரித்திருக்கிறார்கள். குளிர்காலம் வந்தாலே வீட்டில் எல்லோருக்கும் உடம்பு படுத்தியெடுத்தது, முடி கொட்டியது. சாம்பலில் பாஷாணம்.

2002ல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் வீட்டு உபயோக மரங்களுக்கு இதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். 2003 டிசம்பர் 31 கடைசி நாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ல் கட்டுப்பாடு வந்தது. கம்பங்களுக்கும் கடலோரத் தூண்களுக்கும் அமெரிக்காவில் அனுமதி தொடர்ந்தது. சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, சர்வர்ல ஓட வேண்டிய புரோகிராமைக் கொண்டுபோய் குழந்தை பொம்மைக்குள்ள போட்ட கதை. கோடுல தப்பில்லை, போட்ட இடம் தப்பு.

இந்தச் சரித்திரத்திலிருந்து நான் எடுத்துக்கிட்டது ஒரே ஒரு கேள்விதான். "இது மக்காது"ன்னு ஒருத்தர் சொன்னா, உடனே கேக்கணும்: மக்க வைக்க வர்ற பூஞ்சையையும் பூச்சியையும் கொல்லறது எது? அது எங்க இருக்கு? அங்கேயே இருக்குமா, இல்ல வெளிய வருமா? 'இயற்கை', 'பசுமை'ன்னு லேபிள்ல எழுதியிருக்கறதெல்லாம் மோரிஸோட இலைப்பச்சை மாதிரி. பார்க்க அழகு, பதில் கிடையாது.

இந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கிட்டு இன்னிக்குக் கடையில கிடைக்கறதைப் பார்த்தேன்.

முதல்ல எம்.டி.எஃப். பலகையில் மெஷினால் பூவேலை வெட்டின ஜாலி. இப்போ ஃபிளாட்டுக்கு ஃபிளாட் இதுதான். மரத்தூள் நாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டிச் செய்வது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ல் அறிவித்தது. குறைவாக வெளியிடும் ரகங்களும் விற்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனா இந்தப் பசைக்கு ஈரமும் சூடும் ஆகாது. ரெண்டும் கூடினா வாயு வெளியேறுவதும் கூடும். தினமும் தண்ணி தெளிக்கற செடிக்குப் பக்கத்துல இதை எப்படி வைக்கறது?

அடுத்தது நர்சரியில் விற்கும் தென்னைநார்க் கம்பம். பார்க்க அக்மார்க் இயற்கை. பிரிச்சுப் பார்த்தா உள்ள பெரும்பாலும் பி.வி.சி. பைப். பைப் வெயில், சூட்டில் கெடாமல் இருக்க ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அதைப் படிப்படியாக நிறுத்த விதி வந்ததே 2021ல்தான்.

மூன்றாவது, சரக்குப் பெட்டிகளோடு வரும் பேலட் கட்டை. இலவசமாக் கிடைக்கும், நம்ம ஆளுங்க ஷெல்ஃப், தட்டி எல்லாம் செய்யறாங்க. இதுல ஒரு நல்ல விஷயம், ஏற்றுமதிப் பேலட்டில் முத்திரை இருக்கும். 2002ல் வந்த சர்வதேச விதிப்படி, ஹெச்.டி. என்று இருந்தால் வெறும் சூட்டில் பூச்சி நீக்கியது. எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. விஷவாயு, ஓசோன் படலத்துக்கும் எதிரி. ஆனா ஹெச்.டி. கட்டை மேலயும் வர்ற வழியில என்ன சிந்துச்சுன்னு முத்திரை சொல்லாது.

இதெல்லாம் பார்த்து அலுத்துப் போனப்பதான் நம்ம ஊர் வெற்றிலைக் கொடிக்கால் ஞாபகம் வந்தது. பாஷாணம் எதுவும் இல்லாம பல தலைமுறையா கொடி ஏத்தறாங்களே, எப்படி? அங்கே கொழுகொம்பு அகத்தி மரம். முதல்ல அகத்தியை விதைச்சு வளர்த்து, அது நிமிர்ந்ததும் பக்கத்துல வெற்றிலையை நட்டு, வாழைநாரால் தளர்வாக் கட்டி ஏத்தி விடுவாங்க. அகத்தி நிழலும் கொடுக்கும், கழிச்ச தழை ஆடு மாட்டுக்கு. மிளகுக்கொடிக்குக் கல்யாண முருங்கை இதே வேலையைச் செய்யும். மக்காமல் இருக்க இவங்க கண்டுபிடிச்ச மருந்து ரொம்ப எளிமை: கம்புக்கு உயிர் இருக்கு. உயிரோட இருக்கற மரம் தன்னைத் தானே பார்த்துக்கும்.

ஹால்ல அகத்தி வளர்க்க முடியாதுங்கறது எனக்கும் தெரியும். :-) ஆனா அந்த யோசனையோட அடுத்த படி மூங்கில்ல இருக்கு. மூங்கிலை உளுக்க வைக்கும் வண்டு தேடி வருவது அதிலுள்ள மாவுச்சத்தை. அதனால வெட்டின மூங்கிலைக் குளத்திலோ ஆற்றிலோ வாரக்கணக்கில் ஊறப்போட்டு அந்தச் சத்தைக் கரைய விடுவது பழைய வழக்கம். வண்டைக் கொல்லவில்லை, சாப்பாட்டை எடுத்துவிட்டார்கள்! நவீன முறை, போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பது. கேரம் போர்டுல தூவுவோமே, அந்த போரிக் பவுடர்தான். அதைக் குழந்தை தின்னலாம்னு இல்லை, கூடவே கூடாது. ஆனா ஆர்சனிக்கோட ஒப்பிட்டா வீரியம் ரொம்பக் குறைவு. தண்ணீரில் கரைந்து வெளியேறும் என்பது இதன் குறை. வெளித் தோட்டத்துக்கு ஆகாது, வீட்டுக்குள்ள நனையாம வச்சா சரி.

தென்னைநார் இன்னொரு அதிசயம். மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, சுற்றியுள்ள சதை அழுகிய பிறகு எடுப்பதுதான் கயிறு. மற்றதெல்லாம் அழுகும் இடத்தில் தாக்குப்பிடித்ததுதான் நம் கைக்கு வருகிறது. காரணம் அதில் நிறைந்திருக்கும் லிக்னின். மருந்து எதுவும் சேர்க்காமலேயே மக்குவதற்கு நேரமெடுக்கும். 1859ல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலை ஆரம்பித்து, கால்மிதியாக்கி உலகத்துக்கு அனுப்பியது இந்த நாரைத்தான்.

ஆக, எங்க வீட்டுத் தட்டிக்கு முடிவு செஞ்சது இது. சட்டத்துக்கு மர அறுவை மில்லில் வாங்கற, எதுவும் பூசாத தேக்கு ரீப்பர். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. குறுக்கே தண்ணீரில் ஊறவைத்த மூங்கில் பிளாச்சு. கட்டுவதற்குத் தென்னங்கயிறு, கொடியைத் தாங்க வாழைநார். மேலே பச்சையான ஆளிவிதை எண்ணெய் மெல்லிசா ஒரு கை. அது காய வாரக்கணக்கில் ஆகும், பரவாயில்லை. 'பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்ப்பார்கள், அது வேண்டாம். முக்கியமான எச்சரிக்கை: அந்த எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிப் போட்டா தானாவே சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவச்சுட்டுத்தான் தூக்கிப் போடணும். தொட்டி தனியா மண் தட்டுல நிக்கும், தட்டியோட காலில் தண்ணி படாது.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். மணி பிளான்ட் இலையைக் கடிச்சா வாய் எரியும், வீங்கும். அதன் சாறில் ஊசி ஊசியாய் கால்சியம் ஆக்சலேட் இருக்கு. இயற்கைன்னாலே சாதுன்னு நினைக்கறது தப்புங்கறதுக்கு அந்தச் செடியே சாட்சி. அதனால கொடி மூணடி உயரத்துக்கு மேலதான் ஆரம்பிக்கும், கீழே வெறும் மூங்கில். குழந்தைக்கு எட்டற இடம் எது, எட்டாத இடம் எதுன்னு பிரிக்கறதுதான் 1922 சட்டமும் செஞ்சது, நானும் அதையே செய்யறேன்.

இந்தத் தட்டி 'லைஃப் டைம்' வராது. அஞ்சாறு வருஷத்துல மூங்கில் உளுக்கலாம், கயிறு நைஞ்சு போகலாம். மாத்திக்கறேன். கழிச்சதைத் துண்டு போட்டு உரக்குழியில் போட்டா மண்ணாப் போகும், எரிச்சாலும் சாம்பல் சாம்பலா மட்டும்தான் இருக்கும். நூற்றைம்பது வருஷமா மக்காத கொழுகொம்பு தேடினவங்க கதையைப் படிச்ச பிறகு, மக்கறதை ஒரு குறையா என்னால பார்க்க முடியலை.

டிஸ்கி: மூங்கில் பிளாச்சை எத்தனை நாள் ஊறப்போடணும், தண்ணி நாத்தத்தை ஃபிளாட்ல எப்படிச் சமாளிக்கறதுன்னு அனுபவப்பட்டவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. பக்கத்து வீட்டு மாமி இப்பவே ஒரு மாதிரியாத்தான் பார்க்கறாங்க. :-)